கண்டெடுத்தவை

லியபாயா ஊரில் ஒரே ஒரு டிராம் தடம்.
அதை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.
ஐந்து பத்துக்கு முதல் வண்டி,
கண்ணாடியெல்லாம் பால்டிக் கடலின் உப்பு.
சொல்ல வந்தது டிராமைப் பற்றி அல்ல.

ஆல்டிஸ் எழுதியிருந்தான்:
நவம்பர் முப்பதோடு சர்வரை நிறுத்துகிறேன்.
மின்கட்டணம், முதுகுவலி, இரண்டாவது குழந்தை.
இருநூற்றுப் பதினோரு பேர்
ஏழு வருடமாக அவன் வீட்டு அலமாரியில் குடியிருந்தோம்,
வெள்ளரி ஊறுகாய்ப் புட்டிகளுக்கும்
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும் நடுவில்.
வாடகை என்று அவன் வாய் திறந்ததில்லை.
கேட்காததை நாங்களும் கொடுத்ததில்லை.

கடைசி வரியில் இருந்தது:
உங்கள் பதிவுகள் உங்களுடையவை, எடுத்துச் செல்லுங்கள்.

புது முகவரியைத் தட்டச்சிட்டதும்
என்னைப் பின்தொடர்ந்தவர்கள்
வாத்துக்குஞ்சுகள் மாதிரி வரிசையாக
டார்ட்டுவிலிருக்கும் வேறொரு சர்வருக்கு வந்து சேர்ந்தார்கள்.
பதிவுகள் வரவில்லை.
அவற்றுக்குக் கால் கிடையாதாம்.
தனியே ஒரு கோப்பாகக் கட்டிக் கொடுத்தார்கள்,
நாற்பது மெகாபைட்.
என் ஏழு வருடம்
ஒரு நாய்க்குட்டிக் காணொளியைவிட லேசு.

திறந்தேன்.
நான் சொன்னது மட்டும் இருந்தது.

        ஆமாம், இங்கேயும்.
        இல்லை, இடது பக்கத்தது.
        அப்படிச் சொல்லாதே.
        வெந்நீரில் போட்டுப் பார்த்தாயா?
        இந்நேரத்தில் வேறு யார் விழித்திருப்பார்கள், நம்மைத் தவிர.

எதற்கு ஆமாம்?
எதன் இடது பக்கம்?
போனில் பேசும் பயணிக்குப் பின்னிருக்கையில் அமர்ந்தவளாக
என்னை நானே ஒட்டுக்கேட்டேன்.

மற்றப் பாதி நீர்க்காகத்தினுடையது.
அந்தப் பெயரில்தான் எழுதியது அந்த ஆள்,
மான்டெவிடியோவில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவுப் பணி.
ஆணா பெண்ணா, நான் கேட்கவில்லை.
என் முதல் வண்டி கிளம்பும்போது அங்கே நடுநிசி.
இரண்டு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை
கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டது.
அழி என்ற சேதி ஊர் ஊராகப் போனது.
ஆல்டிஸின் அலமாரியும் கீழ்ப்படிந்தது,
அரை நொடியில்.
நாணயமான மென்பொருள். குறை சொல்ல முடியாது.

பழைய நகல் எதுவும் இல்லையா, என்று போனில் கேட்டேன்.
குழந்தை அழுகிற சத்தம்.
பிறகு அவன்:
இருக்கிறது. மூன்று வருடம் முந்தையது, ஒரு ஹார்ட் டிஸ்கில்.
ஆனால் விஸ்மா, அது அவருடையது.

என்னிடம் சொன்னது, என்றேன்.
அவர் சொன்னது, என்றான்.

அன்று முழுவதும் நிறுத்தத்துக்கு நிறுத்தம்
இதே தான்.
வாயிலிருந்து வந்ததால் வாயுடையதா,
காதில் விழுந்ததால் காதுடையதா?
பாலத்தருகே ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.
மீன் கூடையோடு நின்றவர் திட்டியது
என் காதில்தான் விழுந்தது.
அது என்னுடையதில்லை,
எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முப்பதாம் தேதி இரவு கடைசி வண்டியில் ஆல்டிஸ் ஏறினான்.
கையில் துணிப்பை.
எதுவும் பேசவில்லை,
ஊறுகாய்ப் புட்டி ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு
பின்னால் போய் உட்கார்ந்தான்.
எங்கே இறங்கினான் என்று பார்க்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் விளக்கணைக்கப் போனபோது
பதினேழாம் இருக்கையில் அந்தப் பை.
உள்ளே கருப்பாக,
உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி.
சூடே இல்லை.

டிப்போவில் இதற்கொரு பதிவேடு உண்டு.
பொருள், நேரம், இருக்கை, எல்லாம் எழுதினேன்.
உரிமையாளர், தெரிந்தால், என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
காலியாக விட்டேன்.

விதி இது:
தொண்ணூறு நாள் வைத்திருப்பார்கள்.
கேட்டு யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு.

பிப்ரவரி இருபத்தெட்டு.
எண்ணிவிட்டேன்.
இதுவரை
அதை மட்டும்தான் செய்திருக்கிறேன்.